கார்மாய் கொஞ்சம் களைப்பாக இருக்கிறாள்

பாஸ்டர் லெபோலுவின் கறுப்பு அங்கியில், நெஞ்சுக்கு நேராக, ஐந்து விரலும் தெரியும்படி பழுப்பு நிறத்தில் ஒரு கைத்தடத்தைப் பதித்த பெருமை கெர்க்குலாவையே சேரும். அதையும் தொடாமலே பதித்தான்.

லைபீரியாவில் கோலித்தா ஊர்ச் சபையின் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்று உட்கார வைப்பது அவனுடைய ஊழியம். மற்ற நாட்களில் பெரிய சாலையோரம் பஞ்சர் ஒட்டுவது பிழைப்பு. எபோலா வந்த அந்த மழைக்காலத்தில் சுகாதார ஊழியர்கள் கோயில் வாசலில் குழாய் வைத்த வாளி ஒன்றையும் குளோரின் பொடி டப்பா ஒன்றையும் வைத்தார்கள். கை கழுவ இவ்வளவு, செத்தவர் கிடந்த அறையைக் கழுவ அதைப்போலப் பத்து மடங்கு என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். கெர்க்குலா யோசித்தான். பத்து மடங்கு போட்டால் பத்து மடங்கு கிருமி சாகும் என்றால், ஆண்டவருடைய வீட்டில் வந்து கஞ்சத்தனம் எதற்கு? அள்ளிப் போட்டான்.

இரண்டாவது பாட்டு முடிவதற்குள் அரிப்பு ஆரம்பித்தது. காணிக்கை எடுக்கும்போது எல்லார் கண்ணிலும் தண்ணீர். பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த ஒருவர் எழுந்து நின்று, இத்தனை மனங்கசந்து அழுகிற சபையை என் வாழ்நாளில் கண்டதில்லை என்று சாட்சி சொன்னார். ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்ட பெண்கள் ஐக்கியத்தாரின் நீலச் சீருடைகளில் வெள்ளை வெள்ளையாகப் பூப்பூத்தது. பாஸ்டருக்கு, “என் பிள்ளைகளே” என்று சொல்லும்போதெல்லாம் கையை நெஞ்சில் வைத்துக்கொள்ளும் வழக்கம். அன்று நிறைய தடவை சொன்னார். பிரசங்கம் பாதியோடு நின்றது. அதற்காகச் சிலர் கெர்க்குலாவைத் தனியாகக் கூப்பிட்டு நன்றி சொன்னதும் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் அவன் மனைவி கார்மாய் தன் உள்ளங்கையில் பனையெண்ணெய் தடவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“டயர் ஒட்டுற கைக்கு எதுவும் ஆகாது. அதுக்காக ஊர்க் கையை எல்லாம் வேக வச்சுட்டியே, மனுஷா.”

“பாவம் போகணும்னா கொஞ்சம் எரியத்தான் செய்யும்.”

“பாவம் அப்படியே இருக்கு. பாஸ்டர் அங்கிதான் போச்சு.”

கார்மாய் பிரசவம் பார்ப்பவள். அவளுக்கென்று பெற்றது ஒன்றும் தங்கவில்லை. மற்றவர்கள் பெற்றதை முதலில் கையில் ஏந்தியது அவள்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓடியாடிக் கத்துகிற குழந்தைகளில் பாதியாவது அவள் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டியவை. “நான் தட்டின தட்டுக்கு இதுங்க இன்னும் பதில் சொல்லிக்கிட்டிருக்குங்க” என்பாள்.

அந்த வாரமே பெண்கள் ஐக்கியத்தின் மூத்த தலைவி மா லோர்ப்பு காய்ச்சலில் இறந்துபோனார். பிணத்தைத் தொடாதே என்று லைபீரியா வானொலி காலையிலும் மாலையிலும் பாட்டாகவே பாடியது. பாஸ்டரும் சொன்னார். ஆனால் இந்தச் சபையில் பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒருத்தி இறந்தால் மற்றவர்கள்தான் குளிப்பாட்டுவார்கள். எண்ணெய் தடவி, தலை பின்னி, நீலச் சீருடை உடுத்தி, பாட்டுப் பாடி அனுப்புவார்கள். இத்தனை பேரைக் குளிப்பாட்டி அனுப்பிய மா லோர்ப்புவை அழுக்குத் துணியோடு மண்ணில் போடுவது என்றால், அவர்களுக்கு அது அந்த அம்மாவைச் சபையை விட்டே தள்ளி வைப்பது மாதிரி இருந்தது. கையுறை கிடைக்கவில்லை. கடையில் சாமான் போட்டுத் தரும் பிளாஸ்டிக் பைகளைக் கையில் மாட்டி, மணிக்கட்டில் நூலால் இறுகக் கட்டிக்கொண்டு பின்கட்டில் குளிப்பாட்டினார்கள். கார்மாய் தலைமாட்டில். கயிற்றுப்பை பின்னி விற்கும் நோவாய் என்கிற இளம்பெண் கால்மாட்டில்.

தொட்டாயா என்று கெர்க்குலா கேட்டதற்குக் கார்மாய், “நான் பையைத்தான் தொட்டேன். பைதான் மா லோர்ப்புவைத் தொட்டுச்சு” என்றாள். அது நல்ல பதிலாகத்தான் அப்போது இருவருக்கும் பட்டது.

பிறகு ஒரு காலையில் அவள் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு தனியாக இருந்த சமையல் குடிசைக்குப் போனாள். தலைவலி என்றாள். கெர்க்குலா வாசல்படி தாண்டினால் விறகுக்கட்டையைக் காட்டினாள். அவசர எண்ணுக்குப் போன் பண்ணச் சொன்னதும் அவள்தான். அவன் ஒரு தடவை தப்பான எண்ணை அழுத்திவிட்டு, மறுமுனையில் இருந்த மீன் வியாபாரியிடம் ஆம்புலன்ஸ் கேட்டான். குடிசைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. அதுதான் கடைசியாக அவன் கேட்ட அவள் சிரிப்பு.

வண்டியில் நோவாய் முன்பே உட்கார்ந்திருந்தாள். வெள்ளை உடுப்புக்காரர்கள் இறங்கினார்கள். முகமே இல்லாத ஆட்கள். கார்மாய் யார் கையையும் பிடிக்காமல் தானே நடந்து போனாள். அவள் காலடி பட்ட ஈரமண்ணில் மருந்தடித்துக்கொண்டே ஒருவன் பின்னால் போனான். வண்டிப் படியில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தாள்.

“இலைக்குழம்புல உப்பு போட்டாச்சு. மறுபடியும் போட்டுத் தொலைக்காதே.”

“சட்டியில எழுதி வச்சுட்டுப் போ.”

அவள் கையைத் தூக்கினாள். போய் வருகிறேன் என்பதற்கா, போடா என்பதற்கா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

கதவைச் சாத்தினார்கள். அவன் வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். மூன்று வாரம் வெளியே வரக்கூடாது. யாரும் உள்ளே வரவும் கூடாது.

கோயிலை மூடிவிடலாமா என்ற பேச்சு அப்போதுதான் வந்தது. பாதிப் பேர் வருவதை நிறுத்தியிருந்தார்கள். கயிறு கட்டிய வீடுகள் ஊரில் ஐந்தாகிவிட்டன. பாஸ்டர் லெபோலு மன்ரோவியாவில் இறையியல் படித்தவர். கலக்கம் வந்தால் இரண்டு பக்கத்து நியாயத்தையும் அவரே பேசி அவரே களைத்துப்போவார். மா லோர்ப்புவுக்குப் பிறகு பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவியான மா கெபேதான் முடிவு சொன்னார். ஜனங்கள் கோயிலுக்கு வரப் பயந்தால் கோயில் தெருவுக்கு வரட்டும். கயிறு கட்டின வீட்டுக்குத்தான் இப்போது கோயில் வேண்டும்.

அப்படித்தான் சாயங்காலந்தோறும் கெர்க்குலாவின் வாசலுக்குக் கோயில் வந்தது. ஆளுக்கொரு குடை, ஆளுக்கு ஆள் ஒரு கட்டில் நீள இடைவெளி, செம்மண் சேறு. பாடகர் குழு என்பது தோளோடு தோள் இடித்தால்தான் சுதி சேரும் கூட்டம். தள்ளி நிறுத்தியதும் ஆளுக்கொரு சுதியில் போனார்கள். முதல் நாள் கெர்க்குலா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, எனக்கு இன்னும் நோய் வரவில்லை, நீங்கள் வர வைத்துவிடாதீர்கள் என்று கத்தினான். பாஸ்டர் கைவிளக்கு மாதிரி இருக்கும் ஒரு ஒலிபெருக்கி வாங்கி வந்திருந்தார். அதில் சங்கு ஊதும் பொத்தான் ஒன்றும் உண்டு. “பயப்படாதே” என்ற வசனத்தைச் சொல்லப் போய் அதை அழுத்திவிட்டார். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்று அந்தத் தெருவே எழுந்து புதருக்குள் ஓடியது. திரும்பிவர நேரமாயிற்று. அதற்குப் பிறகு பாடிய பாட்டில் எப்படியோ சுதி சேர்ந்திருந்தது.

சோறு தினமும் வந்தது. கயிற்றருகே ஒரு கல்லில் சட்டியை வைத்துவிட்டு மா கெபே பின்னால் நகர்ந்து நிற்பார். அவன் வந்து எடுத்துக்கொள்வான். அரிசி விலை ஏறி, சந்தை மூடி, பலர் ஒருவேளைதான் சாப்பிட்டார்கள். ஆனாலும் அந்தக் கல் ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை. கெர்க்குலாவின் விசுவாசம் பெரியது என்று யாரும் சொன்னதில்லை, அவனும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் அந்தக் கல்லைப் பார்த்து அவன் இரண்டொரு தடவை ஜெபம் பண்ணினான். வேறு யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டுதான்.

பாட்டு முடிந்ததும் அவன் கேட்பது ஒன்றே ஒன்று. கார்மாய் எப்படி இருக்கிறாள்?

கார்மாயின் போனை அவள் உடுத்தியிருந்த துணியோடு சேர்த்து எரித்துவிட்டார்கள். சிகிச்சை முகாமோ மழையில் அரைநாள் பயணம். பாஸ்டர்தான் அங்கே பேசி விவரம் கொண்டுவருவார். முதல் வாரம் சேதி நன்றாகவே வந்தது. கஞ்சி இரண்டு கரண்டி குடித்தாள். பக்கத்துப் பாய்க்காரி நோவாயை அதட்டித் தண்ணீர் குடிக்க வைக்கிறாள். புருஷன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று கேட்டாள். பாஸ்டர் இதையெல்லாம் ஒலிபெருக்கியிலேயே சொல்ல, தெரு முழுக்கக் கேட்டுக்கொள்ளும். கெர்க்குலா, எல்லாருக்கும் தெரிந்துபோச்சு, இனி நான் மெலியவும் முடியாது என்பான்.

பிறகு ஒரு சாயங்காலம் பாஸ்டர் ஒலிபெருக்கியைக் கீழே தொங்கவிட்டு வெறும் வாயால் சொன்னார்.

“சிஸ்டர் கார்மாய் கொஞ்சம் களைப்பா இருக்காங்க.”

கெர்க்குலா சட்டியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

அந்தச் சொல் அவனுக்குப் புதிதல்ல. எத்தனையோ வாசலில் அவனே சொன்ன சொல். கோலித்தா சபையில் சாவுச் செய்தி சொல்வதற்கு ஒரு முறை உண்டு. மூன்று பேர் போவார்கள். முதலில் அந்த ஆளைச் சாப்பிட வைப்பார்கள். சேதி கேட்ட பிறகு சோறு இறங்காது. பிறகு உட்கார வைத்து, இரண்டு பக்கமும் இரண்டு பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் மூன்றாமவர் அந்த வார்த்தையைச் சொல்லலாம். அதுவரை இறந்தவர் இறக்கவில்லை. கொஞ்சம் களைப்பாக இருக்கிறார். பிடிக்க ஆளில்லாமல் சாவைக் கேட்டவனைச் செத்தவர் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்பது நம்பிக்கை. பாஸ்டர் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அவருடைய அப்பா இறந்தபோது அவரும் சாப்பிட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

வலது கையைப் பிடித்திருந்தது கெர்க்குலா. கைபிடிப்பதற்கு ஊரில் முதல் அழைப்பு அவனுக்குத்தான். டயரைப் பிரித்துப் பிரித்துக் காய்த்துப்போன பெரிய கை. அவன் பிடித்தால் ஆள் விழமாட்டார். விழுந்தாலும் அவன்மேல்தான் விழுவார். அதோடு, சோறு இறங்கும்வரை எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டும் இருப்பான். இப்படி அவன் பிடிக்காத கை அந்தச் சபையில் அதிகம் இல்லை.

இப்போது யாரும் யாரையும் தொடக்கூடாது.

கயிறு அவிழ்த்த மறுநாள் காலை மூன்று பேர் வந்தார்கள். பாஸ்டர், மா கெபே, மூப்பர் சாக்கி. மா கெபே கொண்டுவந்த சட்டியைக் கெர்க்குலா திறந்தான். இலைக்குழம்பில் கோழிக்கறி. ஊரே வெறும் இலையைத் தின்றுகொண்டிருக்கும்போது கோழி. ஒன்றுமில்லாததற்கு யாரும் கோழி அடிக்கமாட்டார்கள்.

அவன் சாப்பிட்டான். தன் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக அவன் எதையும் சாப்பிட்டதில்லை. எலும்பை உறிஞ்சினான். உறிஞ்சின எலும்பை மறுபடி உறிஞ்சினான். ஒரு சோற்றுப் பருக்கையைச் சட்டியின் ஓரமாக விரட்டிக்கொண்டு போனான். அவர்கள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சட்டி காலியாயிற்று. பெஞ்சில் அவனுக்கு இந்தப் பக்கம் மா கெபே, அந்தப் பக்கம் மூப்பர் சாக்கி, எட்ட உட்கார்ந்தார்கள். கைகள் எழுந்தன, பாதி வழியில் நின்றன. சாக்கி தன் இரண்டு கையையும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார், குளிர்கிறவர் மாதிரி. மா கெபே தன் கையைத் தானே பிடித்துக்கொண்டார்.

கெர்க்குலாவே கேட்டான். “சொல்லுங்க பாஸ்டர். கார்மாய் எப்படி இருக்கா?”

பாஸ்டர் அவன் கையைப் பார்த்தார். முழங்காலின்மேல் சும்மா கிடந்த அந்தப் பெரிய கையை.

“கொஞ்சம்... களைப்பாத்தான் இருக்காங்க, பிரதர்.”

ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார்கள். போகும்போது மூன்று பேரும் முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்தார்கள். கெர்க்குலாவுக்குத் தன்னைவிட அவர்கள்மேல்தான் அதிகம் இரக்கம் வந்தது. பிறகு கடைக்குப் போய், பஞ்சரே இல்லாத ஒரு டயரைக் கழற்றி ஒட்டுப் போட்டான்.

சிகிச்சை முகாமுக்குத் தானே போன் பண்ணினான். பெயர் கேட்டார்கள், உறவு கேட்டார்கள், கொஞ்சம் இருங்கள் என்று சொல்லி ஒரு பாட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். நல்ல பாட்டு. முடிந்ததும் தொடர்பு அறுந்தது. சுகாதாரத் தொண்டரை வழியில் மறித்தான். உங்கள் சபையில் சொல்லிவிட்டார்கள் அல்லவா என்று அவர் கேட்டார். களைப்பாக இருக்கிறாள் என்று சொன்னார்கள் என்றான். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, ஆமாம், அப்படியானால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, அவசர வேலை ஞாபகம் வந்தவராகப் போனார்.

கெர்க்குலா முட்டாள் அல்ல. ஆனால் முட்டாளாக இருப்பதில் அப்போது ஒரு வசதி இருந்தது. களைப்பு என்றால் களைப்பாகவும் இருக்கலாம் அல்லவா? களைத்தவர்கள் தூங்கி எழுந்து நடப்பதில்லையா? வேறு ஊரில் படித்த பாஸ்டர், சொல்லைத் தப்பான இடத்தில் போட்டிருக்கலாம். இப்படி ஒரு பக்கம் அவள் பாயை வெயில் கண்டபோதெல்லாம் காயவைத்தான். இன்னொரு பக்கம், பார்க்கிறவர்களிடமெல்லாம் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். யாராவது ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்கினான். சொல்லிவிடப் போகிறார்களே என்று நடுங்கினான். அழலாம் என்றால் எதற்கென்று அழுவது? சாகாதவளுக்கு அழுதால் அபசகுனம். செத்தவளுக்கு அழாமல் இருந்தால் அது என்ன புருஷன்?

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நின்றான். இப்போதெல்லாம் குளோரினைக் கரண்டியால் வழித்து அளந்துதான் போட்டான். யாரும் அவனைக் கேலி செய்யவில்லை. அதுதான் பெரிய வேதனை. அவன் ஏதாவது சொன்னால் முடிப்பதற்கு முன்பே சிரித்தார்கள்.

மழை குறையத் தொடங்கிய ஒரு ஞாயிறு. ஆராதனை கோயிலுக்கு வெளியே மாமரத்தடியில், தள்ளித் தள்ளிப் போட்ட நாற்காலிகளில். அப்போது சாலையிலிருந்து ஒரு பெண் நடந்து வந்தாள். அளவில்லாத யாருடைய சட்டையையோ போட்டிருந்தாள். தலைமுடி மழித்திருந்தது. கிட்டே வந்தபிறகுதான் நோவாய் என்று தெரிந்தது.

பாட்டு நின்றது. நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் இழுபடும் சத்தம் கேட்டது. பிழைத்து வந்தவர்களால் யாருக்கும் நோய் வராது, அவர்களைத் தொடலாம் என்று பாஸ்டர் போன வாரம்தான் அறிவித்திருந்தார். அப்போது ஆமென் சொன்னவர்கள்தான் இப்போது நாற்காலியை இழுத்தவர்கள்.

நோவாய் வாளியில் கை கழுவினாள். தேவையில்லை என்று அவளுக்குத் தெரியும். வழக்கம் என்று கழுவினாள். சாலைச் சந்திப்பிலிருந்து இவ்வளவு தூரமும் நடந்தே வந்ததாகச் சொன்னாள். மோட்டார்சைக்கிள்காரன் ஒருவனும் ஏற்றவில்லை. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் கதவைத் திறக்கவில்லை. வேறு எங்கே போவது என்று தெரியாததால் இங்கே வந்தாள்.

கெர்க்குலா அவள் உட்கார நாற்காலி காட்ட வேண்டும். அதுதான் அவன் ஊழியம். ஆனால் அவன் கால் ஓரடி பின்னால் போயிருந்தது. அதை அவனே அப்போதுதான் பார்த்தான்.

“என்னைத் தொட்டா ஒண்ணும் ஆகாது, அண்ணே. அங்க டாக்டரு என்னைக் கட்டிப்பிடிச்சுத்தான் அனுப்பி வச்சாரு.”

“டாக்டருக்குச் சம்பளம் உண்டு. எனக்கு என்ன உண்டு?”

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. நோவாய் சிரிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு அவனைத் தாண்டிப் பாஸ்டரைப் பார்த்தாள்.

“இன்னும் சொல்லலையா?”

பாஸ்டர் வேதாகமத்தை மூடினார். “எப்படிம்மா சொல்றது? கையைப் பிடிக்காம...” என்றார். கயிறு கட்டியிருந்த மற்ற வீடுகளிலும் இப்படிக் களைப்பாகவே இருக்கிறவர்கள் உண்டு என்பதை மா கெபேதான் மெதுவாகச் சொன்னார். நோவாய் எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது.

திரும்பி அவனிடம் கேட்டாள். “சாப்பிட்டீங்களா, அண்ணே?”

இத்தனை நாளும் ஊரையே துரத்தித் துரத்திக் கேட்டவனுக்கு இப்போது ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. சாப்பிடாதவனிடம் சொல்லமாட்டார்கள். அப்படியென்றால் இனி ஒருநாளும் சாப்பிடாமலே இருந்துவிட்டால்?

“பசிக்கலை” என்றான்.

மா கெபே அதற்குள் தன் வீட்டை நோக்கிப் போயிருந்தார். சோற்றுச்சட்டியோடு வந்து, கல்லிலோ தரையிலோ வைத்துவிட்டு நகராமல், கோயில் படியில் அவனுக்கு எதிரிலேயே நின்று நீட்டினார். வெறும் இலைக்குழம்பு, சோறு. அவன் படியில் உட்கார்ந்தான். சபை முழுவதும் காத்திருக்க, சாப்பிட ஆரம்பித்தான்.

ஒரு கோழி மட்டும் நாற்காலிகளுக்கு நடுவே தன் பாட்டுக்கு நடந்து போயிற்று. கார்மாய் முதுகில் தட்டிய குழந்தைகள்கூட வாயைத் திறந்தபடி அவன் விரல் சட்டிக்கும் வாய்க்கும் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் தண்ணீர் வேண்டுமென்று கேட்பதற்கு முன்பே, பெண்கள் ஐக்கியத்தில் ஒருத்தி எழுந்து கொண்டுவந்து கையில் கொடுத்தாள், எட்ட வைக்கவில்லை. பாஸ்டர் நோவாயிடம் தணிந்த குரலில், இது முடிந்ததும் மற்ற வீடுகளுக்கும் எங்களோடு வருவாயா என்று கேட்டார். முதலில் இது முடியட்டும் என்றாள். அவளுக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி வந்து சேர்ந்திருந்தது. யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று கெர்க்குலா கவனிக்கவில்லை. அவள் அதில் உட்காரவும் இல்லை.

சட்டி காலியாயிற்று. நோவாய் வந்து படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் சட்டை நுனியால் அவன் விரல்களைத் துடைத்துவிட்டாள். மறுபக்கம் மா கெபே உட்காரப் போனார்.

“வேணாம் மா. நீங்க தொட வேண்டாம். ரெண்டு கையையும் நானே பிடிச்சுக்கறேன்.”

பிடித்தாள். சின்னக் கை, சுடவில்லை. ஆம்புலன்ஸ் போனதிலிருந்து ஒரு மனுஷத்தோல் அவன்மேல் பட்டதில்லை. அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“நேரா சொல்லு, நோவாய். களைப்புன்னு மட்டும் சொல்லிடாதே.”

“கார்மாய் அக்கா செத்துட்டாங்க, அண்ணே.”

மாமரத்தடியில் யாரோ மூச்சை இழுத்துவிட்டார்கள். அவன் கை துள்ளியது. அவள் விடவில்லை. தொடர்ந்து சொன்னாள். இரண்டாவது வாரம், ஒரு விடியற்காலையில். கடைசி இரண்டு நாள் பேச்சில்லை. அதற்கு முன்னால்வரை அவளைத் திட்டித் திட்டி உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் குடிக்க வைத்தது அக்காதான். வேண்டாம் என்று துப்பினால், உன் அம்மா வயித்திலிருந்து உன்னை இழுத்து வெளியே போட்டது இப்படிச் சாகறதுக்கா என்று கேட்பாளாம். அந்தத் திட்டுக்குப் பயந்து குடித்துத்தான் தான் பிழைத்ததாக நோவாய் சொன்னாள். முகாமுக்குப் பின்னால் புதைத்திருக்கிறார்கள். பெயர் எழுதிய பலகை இருக்கிறது. அவளுக்கு இடம் தெரியும். கூட்டிக்கொண்டு போகிறாள்.

கெர்க்குலா அழுதுகொண்டிருந்தான். அது எப்போது ஆரம்பித்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. மூக்கைத் துடைக்கக் கை இல்லை. இரண்டும் அவளிடம் இருந்தன. இன்னும் ஒரு கேள்வி இருந்தது. அதற்கு என்ன பதில் வந்தால் தாங்க முடியும் என்பதும் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. எத்தனையோ வீடுகளில், தனியாகப் போகவில்லை என்ற அந்தப் பதிலை அவனே இனிப்பாகச் சொல்லியிருக்கிறான்.

“உயிர் போறப்போ நீ பக்கத்துல இருந்தியா?”

நோவாய் அவன் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

“இல்லை, அண்ணே. எனக்குக் காய்ச்சல். தூங்கிட்டேன். முழிச்சுப் பாக்கறப்ப பாயைக் கழுவிக்கிட்டிருந்தாங்க. பக்கத்துல யாருமே இல்லை.”